பூட்டிக் கிடக்கும் வீடுகளை இடிக்கலாமா? (வேலூர், சைதாப்பேட்டை)

முள்ளுகத்திரி:
எங்கள் தெருவில் மட்டும் நாலு வீடு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் போன ஐப்பசி மழையில் தாழ்வாரத்து ஓடு சரிந்து உள்ளே விழுந்தது. முற்றத்துத் தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் புழு நெளிவது கண்ணுக்கே தெரியும். டெங்கு கொசு சாக்கடையில் வளராது, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும், பத்து நாள் போதும் பறந்துவிடும். என் மகள் ஆறு நாள் காய்ச்சலில் கிடந்தாள். மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டி இடித்துத் தள்ளட்டும்.

பதினோராம்பங்கு:
இடி என்று சொல்வது சுலபம் சார். இரண்டு தெரு தள்ளி எங்கள் தாத்தா வீடும் பூட்டித்தான் கிடக்கிறது, பதினோரு பங்கு, ஒருவர் பெங்களூரு, இரண்டு பேர் சென்னை, ஒரு அத்தை இறந்து அவர் பிள்ளைகளுக்கு இன்னும் வாரிசு சான்றிதழே வாங்கவில்லை. பட்டா இன்றும் தாத்தா பெயரில். விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மாட்டேன் என்றால் அவ்வளவுதான். நான் பிறந்த வீடு அது, பாழாகட்டும் என்றா விட்டோம்?

முள்ளுகத்திரி:
ஒருவர் மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குப் போடலாமே. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கு கொடுக்க 1893ஆம் வருடச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகள் லாட்ஜ் லாட்ஜாக அறை தேடி அலைகிறார்கள், ஆட்டோவில் போகும் தூரத்தில் இத்தனை வீடு வீணாய்க் கிடக்கிறது.

சுண்ணாம்புக்காரை:
அப்பா கொத்தனார், நானும் அதே வேலைதான். முள்ளுகத்திரி அண்ணே, இடிக்கச் சொல்லும் முன் ஒன்று பாருங்கள், அந்த வரிசை வீடுகளுக்கு நடுவில் இருப்பது பெரும்பாலும் பொதுச்சுவர். ஜேசிபி விட்டால் உங்கள் பக்கமும் விரிசல் விடும். சரிந்தது ஓடுதானே, சுண்ணாம்புக் காரைச் சுவர் அவ்வளவு சீக்கிரம் விழாது, அதைக் கொல்வது இரண்டுதான்: கூரை வழியே இறங்கும் தண்ணீர், விரிசலில் முளைக்கும் அரசங்கன்று. கன்றை மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும், விரல் தடிமனில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட்டுக் காரை பூச வேண்டும். அப்புறம் அதன்மேல் சிமென்ட் பூசாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று செங்கல் உதிரும்.

முள்ளுகத்திரி:
பொதுச்சுவர் விஷயம் யோசிக்கவில்லை தம்பி, சரி. ஆனால் பங்காளிகள் ஒத்துப்போகும்வரை கொசு காத்திருக்காது. இடிக்க வேண்டாம், உள்ளே போய்ச் சுத்தம் செய்துவிட்டுச் செலவை வீட்டு வரியோடு சேர்த்து வாங்கட்டும். பதினோரு பேரில் ஒருவருக்குமா வருடத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்க நேரமில்லை?

பதினோராம்பங்கு:
செலவை வரியில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, இடிப்பதற்கு மட்டும் ஒப்ப மாட்டேன். எங்கள் முற்றத்திலும் ஒரு கல்தொட்டி இருக்கிறது, அதில் தண்ணீர் நிற்கும் என்று இன்றுவரை தோன்றவில்லை. சாவி பெரியப்பா மகனிடம். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வருகிறேன், சுண்ணாம்புக்காரை தம்பி ஒரு நடை வந்து சுவரைப் பார்ப்பீர்களா? கூலி என் பங்கிலிருந்து.