போர்ட் ஆஃப்செட் 0-வா, 10000-ஆ? பிபிஎஸ்எஸ்பிபி நெட்வொர்க் சண்டை

பழைய பொத்தான்:
சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவியின் ஆட்டங்களைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரில் நண்பர்களோடு ஆட, "போர்ட் ஆஃப்செட்டை 0 ஆக்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 0 என்பது நிஜ பிஎஸ்பி கருவியோடு சேர்ந்து ஆடுவதற்கு. இயல்பாக இருப்பது 10000. ஆட்டம் கேட்கும் போர்ட் எண்ணோடு, அதாவது நெட்வொர்க் தரவு வந்துபோகும் வாசலின் எண்ணோடு, அது கூட்டப்படுகிறது. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை ஆட்டம் கேட்டால், ஆண்ட்ராய்டு அதைச் சாதாரண செயலிக்குத் தராது. அதற்காகத்தான் இந்தக் கூட்டல்.

நிழல்வேட்டை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். 0 வைத்துத்தான் மான்ஸ்டர் ஹன்டர் ஆடுகிறேன். ஒரு நாளும் அறுந்ததில்லை.

பழைய பொத்தான்:
எதில் ஆடுகிறீர்கள்? விண்டோஸிலா?

நிழல்வேட்டை:
ஆமாம், இரண்டு பேரும் விண்டோஸ். அதனால் என்ன?

பழைய பொத்தான்:
அங்கே அந்தத் தடை கிடையாது. உங்களிடம் ஓடியது என்பதற்காகக் கைப்பேசி வைத்திருப்பவருக்கும் 0 போடச் சொல்வீர்களா? எல்லோரிடமும் ஒரே எண் இருக்க வேண்டும், தம்பி. அவ்வளவுதான் விஷயம்.

நிழல்வேட்டை:
தம்பி என்று கூப்பிட நான் உங்களிடம் வயதைச் சொன்னேனா? சேவ் ஸ்டேட் பற்றிப் பேசிய போதும் இப்படித்தான் பாடம் எடுத்தீர்கள். 0-தான் சரி. பிஎஸ்பி அப்படித்தான் வேலை செய்தது.

மழைக்காகம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் 0, 10000 இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் தன் கணினியில், எமுலேட்டரிலேயே உள்ளமைந்த அட்ஹாக் சர்வரை (ஆடுபவர்களைச் சந்திக்க வைக்கும் சர்வர்) இயக்கினார், நாங்கள் அவருடைய ஐபியைப் போட்டோம். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கூடும் லாபியில் யாருமே தெரியவில்லை.

பழைய பொத்தான்:
அவருடைய ரவுட்டரில் காட்டும் வெளி ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது. சர்வருக்கான 27312 போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. ஜீரோடயர் போல, தொலைவில் உள்ள கருவிகளை ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பதுபோல் இணைக்கும் ஒரு மெய்நிகர் லேனில் எல்லோரும் சேர்ந்து, அது தரும் ஐபியைப் போடுங்கள்.

நிழல்வேட்டை:
ஜீரோடயர் போட்டால் லேக் அடிக்கும், ஆட்டம் தாமதமாகும். பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேடுங்கள். ஆஃப்செட் 0.

பழைய பொத்தான்:
சர்வர் எங்கே இருந்தால் என்ன? "ப்ரோ அட்ஹாக்" என்ற இந்த வகை சர்வர் ஆட்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவதோடு சரி. அப்புறம் ஆட்டத் தரவு இவர் கருவியிலிருந்து அவர் கருவிக்கு நேராகப் போகிறது. லேக் என்றால் உங்கள் இருவருக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதுவது?

நிழல்வேட்டை:
யாரும் எழுதச் சொல்லவில்லையே.

மழைக்காகம்:
ஐபி அந்த வரிசையில் இல்லை. ஆனால் ஒன்று கண்டுபிடித்தோம். நண்பர் என் அமைப்புக் கோப்புறையை அப்படியே நகலெடுத்திருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய மேக் முகவரி இரண்டு பேருக்கும் ஒன்றே! அவர் மாற்றியதும் லாபியில் வந்துவிட்டார். இப்போது ஆஃப்செட் 10000-தான் இருக்கிறது.

பழைய பொத்தான்:
பார்த்தீர்களா, 10000.

நிழல்வேட்டை:
மேக் முகவரிதான் கோளாறு என்று அவரே சொல்கிறார். 0 வைத்திருந்தாலும் ஓடியிருக்கும்.

பழைய பொத்தான்:
ஆண்ட்ராய்டில் ஓடியிருக்குமா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நிழல்வேட்டை:
மழைக்காகம், நீங்கள் கைப்பேசியா, கணினியா?

மழைக்காகம்:
கணினி. வேட்டை தொடங்கிவிட்டது, அப்புறம் வருகிறேன்.

பழைய பொத்தான்:
கேட்டது உங்களிடம், நிழல்வேட்டை. ஆண்ட்ராய்டில் 0 ஓடுமா, ஓடாதா?

நிழல்வேட்டை:
முதலில் அந்தத் "தம்பி"யைத் திரும்பப் பெறுங்கள்.