கெய்கி: 'கணுக்கன்று' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆர்க்கிட் செடியின் தண்டில் முளைக்கும் சிறு செடியை அதை வளர்ப்பவர்கள் 'கெய்கி' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்குச் 'சேய்ச்செடி', 'பக்கக்கன்று' என்று இரண்டு சொற்கள் உங்களிடமிருந்து இதுவரை வந்திருக்கின்றன. எனக்குக் 'கணுக்கன்று' என்று தோன்றுகிறது.

கெய்கி ஹவாய் மொழிச் சொல். குழந்தை என்று பொருள். அதைப் பெயர்த்தால் சேய் சரிதான். ஆனால் விதையில் முளைத்ததும் சேய்தானே? கலப்பின ஆர்க்கிட்டின் விதையில் வந்த செடி எப்படிப் பூக்கும் என்று பூத்தால்தான் தெரியும். கெய்கியோ தாயின் அச்சு. நேந்திரன் கன்றை நட்டவர் நேந்திரன் குலைக்குத்தான் காத்திருப்பார். அந்த உறுதி 'கன்று' என்ற சொல்லில் இருக்கிறது. மாங்கன்று கொட்டையிலிருந்தும் வருகிறதே என்று கேட்பீர்கள். அதனால்தான் முன்னால் 'கணு' வேண்டும் என்கிறேன்.

பக்கக்கன்று வாழைக்காரர்களின் சொல். அது மண்ணுக்குள் கிழங்கிலிருந்து கிளம்புவது. கெய்கி அந்தரத்தில் வருகிறது: ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையில் பூத்தண்டின் கணுவில், டென்ட்ரோபியம் என்ற வகையில் கரும்பு போன்ற தண்டின் மேல்கணுவில். அங்கேயே இலை விட்டு, காற்றிலேயே வேரும் விடுகிறது. ஃபலனாப்சிஸ் சில நேரம் அடியிலும் ஒரு கன்று விடும். அதை 'அடிக்கன்று' என்றால் இரண்டும் குழம்பாது.

போன மழைக்காலத்தில் என் டென்ட்ரோபியத்துக்குத் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது. அப்புறம் தண்டின் நுனிப் பக்கம் ஒரு பச்சை முனை தெரிந்தது. மொட்டு என்று நினைத்து நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த பெரியம்மா பார்த்ததும், "கணுவுல கன்னு விட்டிருக்குடா" என்றார். அவர் அதற்குமுன் ஆர்க்கிட்டைப் பார்த்ததே இல்லை. தாய்ச்செடி பிழைக்கவில்லை. வேர் இரண்டு அங்குலம் நீண்டு, மூன்று இலையும் வந்தபிறகு கன்றைத் தண்டின் சிறு துண்டோடு வெட்டி, கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்ட சின்னத் தொட்டியில் வைத்தேன். இன்று அது நன்றாக இருக்கிறது. அவசரப்பட்டு வேர் வருமுன் பிரித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

செடிக்குக் 'கன்று' என்பது மரபா என்று கேட்டவருக்கு: தொல்காப்பியத்து மரபியல் ஓரறிவுயிரின், அதாவது செடிகொடி மரங்களின், இளமைப் பெயர்களாகப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற நான்கையும் ஏற்கிறது. 'கணுப்பிள்ளை'யும் பிழையில்லை. ஆனால் தென்னம்பிள்ளை நெற்றிலிருந்து வருவதால் கன்றே பொருத்தம் என்பேன். வினையும் கூடவே கிடைக்கிறது: செடி கன்று விட்டது, கன்று பிரித்தேன்.

கன்று விடச்செய்யக் கணுவில் தடவும் சைட்டோகைனின் (செடியின் வளர்ச்சி ஊக்கி) பசைக்குக் 'கணுக்கன்றுப் பசை' நீளம். 'கன்றுப்பசை' போதும் என்று நினைக்கிறேன். தாவரவியல் படித்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: அடியிலிருந்து வருவதும் ஒரு கணுவின் மொட்டுதான் என்பதால் 'கணு' என்ற அடை உங்களை உறுத்துமா? உறுத்தினால் 'தண்டுக்கன்று' என்று மாற்றிக்கொள்ளவும் எனக்குச் சம்மதம்.