புதுப்பிப்பு: லர்பினெக்டெடின் இப்போது முதல் கட்டச் சிகிச்சையிலேயே

லர்பினெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து பற்றிய என் பழைய இழையில், பரவிய சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு 2020 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தந்த அனுமதியைச் சொல்லியிருந்தேன். முதல் சிகிச்சைக்குப் பிறகும் நோய் முற்றிய 105 பேரில் 35% பேருக்குக் கட்டி சுருங்கியது.

இப்போது நல்ல செய்தி. கீமோ முடிந்து நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு, அட்டிசோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சிகிச்சை மருந்துடன் இதைச் சேர்த்துத் தர 2025 அக்டோபரில் அனுமதி கிடைத்துவிட்டது. ஐஎம்ஃபோர்ட் என்ற ஆய்வில் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் உயிரோடிருந்த காலம், அட்டிசோலிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு 10.6 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 13.2 மாதம். இந்த நோயில் இரண்டரை மாதம் பெரிது.

அப்புறம், எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மருந்து டிஎன்ஏவின் சிறு பள்ளத்தில் குவானின் என்ற மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். மரபணுவைப் படியெடுத்தபடி வரும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதி அங்கே முட்டி நின்று, சிதைந்துபோகும்; இதனால் புற்றுசெல் சாகும். பக்கவிளைவாக ரத்த அணுக்களும் குறையும். அதனால் 21 நாளுக்கொரு முறை போடும் ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.