புதுப்பிப்பு: 42 நாள் விடுப்பு தீர்ந்தாலும் மானியம் நிற்காது

மெல்பர்னில் பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் மகளுக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்து, 42 நாள் விடுப்பும் தீரப்போகிறது, அரசின் குழந்தைப் பராமரிப்பு மானியம் நின்றுவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிற்காது.

ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பிள்ளை நிலையத்துக்கு வராத நாட்களில் 42 நாளுக்கு மானியம் உண்டு. அதுவரை காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டணம் வாங்கும் பொது விடுமுறையும் இதில் சேரும், பலருக்கு நாள் கரைவதே இப்படித்தான். அப்புறம் வருவது 'கூடுதல் விடுப்பு'. பிள்ளைக்கோ, பெற்றோருக்கோ, கூட வசிக்கும் அண்ணன் தங்கைக்கோ உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வெள்ளம், காட்டுத்தீ போன்ற உள்ளூர் அவசரநிலைக்கும் உண்டு. ஊருக்குப் போய்வரக் கிடையாது.

எங்கள் நிலையத்தில் முதலில் "இனி முழுக் கட்டணம்தான்" என்றார்கள். தேதிகள் தெளிவாக இருந்த சான்றிதழைக் கொடுத்து, கூடுதல் விடுப்பாகப் பதியச் சொன்னேன். அடுத்த பில்லில் மானியம் கழித்தே வந்தது. பதிய வேண்டியது நிலையம்தான், நாம் நேரடியாகச் செய்ய முடியாது. அதனால் தயங்காமல் கேளுங்கள். பிள்ளையின் நோயோடு அல்லாடும் வீட்டுக்கு இந்தப் பணம் பெரிய உதவி.

எத்தனை நாள் போயிருக்கிறது என்பதை மைகவ் (அரசுச் சேவைகளுக்கான இணையதளம்) வழியாக, அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்க் கணக்கில் பார்க்கலாம்.