பின்சக்கர இயக்கக் காரின் பின்பிடிப்பும் வளைவில் நம்பிக்கையும்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

நான் ஓட்டுவது செமி-டிரெய்லிங் ஆர்ம் வகைப் பின் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு பின்சக்கரத்தையும் சாய்வாக அமைந்த ஓர் இரும்புக் கை தாங்கும் அமைப்பு) கொண்ட பழைய கார்; ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். நீளமான வளைவில் ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்திருக்கும் வரை அதில் எந்தக் குறையும் தெரியாது. வளைவின் நடுவே காலைச் சற்று எடுத்தால் மட்டும் பின்பகுதி வெளிப்பக்கமாக ஒரு சிறு எட்டு வைத்துவிட்டு மறுபடி நிலைகொள்ளும். ஸ்டீயரிங்கில் அது தெரியாது. இருக்கையில், இடுப்புக்குக் கீழேதான் தெரியும். ஆபத்து என்று சொல்லுமளவுக்கு இல்லை என்றாலும், அடுத்து வரும் ஒவ்வொரு வளைவையும் சந்தேகத்தோடு அணுகவைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

வீல் அலைன்மென்ட் பார்த்தபோது திரையில் எல்லா அளவுகளும் பச்சை நிறத்திலேயே வந்தன. ஆனால் அவை நின்றுகொண்டிருக்கும் காரில் எடுத்த அளவுகள் என்பதை எனக்கு விளக்கியவர் பட்டறையில் இருந்த மூத்த மெக்கானிக்தான். அவர் காரை லிஃப்டில் ஏற்றி, டிரெய்லிங் ஆர்முக்கும், அது பொருந்தியிருக்கும் சப்ஃபிரேம் என்ற சட்டத்துக்கும் இடையே சிறிய கடப்பாரையை நுழைத்து நெம்பினார். ஆர்மைச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷின் ரப்பர் உதடு பிரிவதுபோல விரிந்து, உள்ளே இருந்த வெடிப்பைக் காட்டியது. கடப்பாரையை எடுத்ததும் வெடிப்பு மூடிக்கொண்டு, பார்வைக்கு நல்ல புஷ்ஷாகவே தோன்றியது.

காலை எடுத்ததும் இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. காரின் எடை முன்பக்கம் சாய்வதால் பின் டயர்களின் மீதான அழுத்தம் குறைகிறது; அதே நேரத்தில் இன்ஜின் பிரேக்கிங் பின்சக்கரங்களை மட்டும் பின்னோக்கி இழுக்கிறது. தளர்ந்த புஷ் அந்த இழுப்புக்கு இடங்கொடுத்து ஆர்மை நகரவிடும்போது, சக்கரத்தின் முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பி டோ-அவுட் ஆகிவிடுகிறது. பாரம் அதிகம் தாங்கும் வெளிச்சக்கரமே வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும்போது பின்பகுதி விலகாமல் என்ன செய்யும்? 1977-இல் அறிமுகமான போர்ஷ் 928 காரின் ‘வைசாக் ஆக்சில்’ இந்தச் சிக்கலுக்காகவே உருவானது. காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தாலும் பின்சக்கரம் டோ-அவுட் ஆகாமல், சற்றே டோ-இன் பக்கம், அதாவது முன்விளிம்பு உட்பக்கமாக, திரும்பும்படி அதன் இணைப்புகளை அமைத்திருந்தார்கள். நம்முடைய சாதாரணக் கார்களில் அப்படி ஏதும் இல்லாததால், முழுப் பொறுப்பும் அந்த ரப்பரின் மீதே விழுகிறது.

ரப்பரைவிடக் கடினமான பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று கேட்டேன், அவர் மறுத்தார். இந்த வகை ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது புஷ் பல திசைகளில் முறுக வேண்டியிருப்பதால், கடினமான பொருள் அங்கே இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் சொன்ன காரணம். தயாரிப்பாளர் குறித்த கடினத்தன்மை கொண்ட ரப்பர் புஷ்களையே மாட்டினோம். போல்ட்டுகளை இறுதியாக முறுக்கும் வேலையை, சக்கரங்கள் காற்றில் தொங்கும்போது செய்யாமல், கார் தன் எடையோடு இயல்பான உயரத்தில் நிற்கும் நிலையில்தான் செய்தார். தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் தரையில் இறங்கியதுமே ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். புஷ் மாற்றித் தருபவர்களிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது; பல பட்டறைகளில் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதன் பிறகுதான் டயருக்கு வந்தோம். முந்தைய உரிமையாளர் புதிய டயர்களை முன்னாலும் பழையவற்றைப் பின்னாலும் போட்டிருந்தார். பின் டயர்களின் பட்டை (தரையைத் தொடும் பகுதியில் உள்ள பள்ளங்கள்) ஆழமாகவே இருந்தது; ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத் தேதிக் குறியீடு 2314 என்றிருந்தது. 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று அதற்குப் பொருள். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு ரப்பர் இறுகிப்போயிருந்தது. பட்டை ஆழத்தை மட்டும் பார்த்து டயரை எடைபோடுவது போதாது. நல்ல டயர்கள் பின்னால் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், முன்டயர் பிடிப்பிழந்தால் ஸ்டீயரிங் முன்கூட்டியே உணர்த்துவதும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுவதும்தான். பின்டயர் பிடிப்பிழந்தால் சாதாரண ஓட்டுநருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இரண்டாவது பகிர்வு

மேலே எழுதியவரின் காரில் உதிரிபாகம் தளர்ந்திருந்தது. எனக்கு வந்த காரிலோ தேவைக்கு மேல் இறுக்கியிருந்தார்கள். முன்பு வைத்திருந்தவர் பின்னால் தடித்த ஆன்டி-ரோல் பார் (இருபக்கச் சக்கரங்களையும் இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒன்றைப் பொருத்தியிருந்தார். உடல் சாய்வு குறைந்து கார் சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும், ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே பின்பகுதி நழுவியது. டயரின் மீது பாரம் இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்காவதில்லை. அதைவிடக் குறைவாகவே உயர்கிறது. ஆகவே பின்னிரு டயர்களும் பாரத்தைச் சமமாகப் பகிரும்போதுதான் அவற்றின் கூட்டுப் பிடிப்பு மிகுதியாக இருக்கும். தடித்த பார் வெளி டயரின் மீது பாரத்தைக் கொட்டி, உள் டயரைத் தூக்கிவிடுகிறது. பழைய மெல்லிய பாரையே மாட்டியதில், பணம் செலவில்லாமல் பின்பிடிப்பு திரும்பி வந்தது. மேலும் சாய்வைக் குறைக்க விரும்புகிறவர்கள் முன்பாரைச் சற்றுத் தடிப்பாக்கலாம். முன்பக்கம் கொஞ்சம் மந்தமாகும், பின்பக்கம் அமைதியாகும்.

டிஃபரன்ஷியல் என்பது இன்ஜினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகம். ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழலாதபடி இரண்டையும் பிணைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் போட்டால் பின்பிடிப்பு கூடும் என்பதில் ஒரு மாற்றுக் கருத்தும் எனக்கு உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் உள்சக்கரம் வீணாகச் சுழலும்போது உந்துவிசை போய்விடுகிறது என்பது உண்மையே. ஆனால் அப்போது வெளிச்சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால், அதன் பக்கவாட்டுப் பிடிப்பு காரைக் காப்பாற்றுகிறது. இரு சக்கரங்களையும் பிணைத்த பிறகு மிகையாக அழுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சுழன்று, பக்கவாட்டுப் பிடிப்பும் ஒன்றாகப் போகும். உலர்ந்த பந்தயத் தளத்தில் அது வரம். மழைக்காலத்தில் அன்றாடம் ஓட்டுகிறவருக்கு அதை முதல் செலவாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது பகிர்வு

பாகங்கள் எல்லாம் சரியாக இருந்த காரில் எனக்கு நம்பிக்கை தந்தது, பயிற்றுநர் ஒருவருடன் நனைந்த மூடிய தளத்தில் ஓட்டிப் பழகியதுதான். பிரேக்கை நேர்ச்சாலையிலேயே முடித்துவிட்டு, வளைவுக்குள் நுழைந்ததும் காரின் வேகம் குறையாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். அந்தச் சிறிய அழுத்தமே பின் டயர்களின் மீது பாரத்தைத் தங்கவைக்கிறது. நழுவும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். டயர் மீண்டும் பிடிக்கும் கணத்தில் அதை உடனே நேராக்காவிட்டால், எதிர்ப்பக்கமாக வரும் இரண்டாவது நழுவல் முதலாவதைவிடக் கடுமையாக இருக்கும் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

1995 முதல் கார்களில் வரத் தொடங்கிய, நழுவலைத் தானாகக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் இ.எஸ்.பி. கருவி, பின்பகுதி விலகும்போது வெளிப்புற முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து காரை நேராக்குகிறது. தனியாக ஒரு சக்கரத்துக்குப் பிரேக் கொடுப்பது எந்த ஓட்டுநரின் காலாலும் ஆகாது. சாதாரணச் சாலையில் அதை அணைப்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. அதன் விளக்கு ஒரு திசை வளைவுகளில் மட்டும் அடிக்கடி மின்னினால், முதலில் இருபக்க டயர்களின் காற்றழுத்தத்தையும், டயர்கள் ஒரே வகையா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிக்கியில் மணல்மூட்டை வைப்பதைப் பற்றிச் சிலர் தனியே கேட்டிருந்தார்கள். வழுக்கும் தரையில் நின்ற காரை நகர்த்த அது உதவும். ஆனால் பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருக்கும் அந்த எடையை வளைவில் அதே இரு டயர்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். வைத்தே ஆக வேண்டுமானால், மூட்டையைப் பின் இருக்கையின் முதுகை ஒட்டி, நகராமல் கட்டி வையுங்கள்.