வைல்ட்கேட் தோட்டாவுக்கு பிராஸ் செய்த அனுபவங்கள்: சுருக்கின பித்தளை எங்கே போகிறது?

கடைசல்காரன்:

6 மி.மீ.-06 தோட்டாவுக்கு பிராஸ் (அதாவது பித்தளைக் கேஸ், தோட்டாவின் வெளிக்கூடு) தயார் பண்ணுவது எப்படி என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்க முடியவில்லை, இங்கேயே போட்டுவிடுகிறேன். கையை அழுக்காக்கியவர்கள் தங்கள் கதையையும் சேருங்கள்.

.30-06 கேஸின் கழுத்தைச் சுருக்கி 6 மி.மீ. குண்டைப் பிடிக்க வைத்தால் அதுதான் 6 மி.மீ.-06. தரப்பட்டியலில் இடம் பெறாத பட்டறைத் தோட்டா, வைல்ட்கேட் என்பது இதைத்தான். இதற்கு அண்ணன் முறையான .25-06 கூட அப்படித்தான் பல வருடம் கிடந்தது; 1969ல் ரெமிங்டன் எடுத்துக்கொண்ட பிறகுதான் முறையான அளவுகளோடு கடைக்கு வந்தது. .22-250க்கு அந்த யோகம் 1965லேயே அடித்துவிட்டது. நம்முடையதற்கு இன்னும் இல்லை. அதனால் பிராஸ் நம் கையால்தான்.

.30 காலிபர் குண்டின் விட்டம் 7.82 மி.மீ. 6 மி.மீ. என்று பெயர் வைத்த குண்டு உண்மையில் 6.17. ஆக, கழுத்தின் சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. போகிறது என்றால் எங்கே? பித்தளை ஆவியாகாது. கொஞ்சம் சுவரைத் தடிக்கச் செய்யும், கொஞ்சம் மேலே வழிந்து நீளத்தைக் கூட்டும். அடுத்து நாம் செய்கிற வேலை எல்லாம் இந்த இரண்டையும் துரத்திப் பிடிப்பதுதான். இது பிடிபட்டவர்கள் ஒவ்வொரு படியிலும் அளந்துகொண்டே போவார்கள். பிடிபடாதவர்கள் கடைசியில் ஒரே ஒரு முறை அளந்துவிட்டு ரைஃபிளைத் திட்டுவார்கள்.

நான் ஒரே அழுத்தில் சுருக்குவதில்லை. முதலில் .270 டை (டை என்பது கேஸை அழுத்தி உருமாற்றும் எஃகு அச்சு), அடுத்து .25-06 டை, அதன் பிறகு 6 மி.மீ. டை. நேராகக் கடைசி டைக்குப் போனாலும் சில கேஸ் தப்பிக்கும். மற்றவை தோளில், அதாவது உடம்பு கழுத்தாக ஒடுங்குகிற சரிவில், மடிப்பு விழுந்து குப்பைக்குத்தான். டை வாங்கும் காசை நினைத்துத் தயங்குகிறவர்கள் நண்பர்களிடம் இரவல் வாங்கியாவது படிப்படியாகப் போங்கள்.

தோட்டா பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அழுத்த அழுத்த இறுகும் உலோகம். இறுகினதை இளக்கச் சூடு காட்ட வேண்டும், அதுவும் கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். அடிப்பகுதி இளகினால் அந்தக் கேஸ் அத்தோடு முடிந்தது, ஏனென்றால் முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான். இருட்டு அறையில் கழுத்து லேசாகச் சிவக்கிற நேரம் பார்த்து எடுப்பார்கள் சிலர். எனக்கு அந்தக் கண் இல்லை. சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகும் வெப்பக் குறிப்புப் பூச்சைக் கழுத்தின் உட்புறம் தடவி, அது உருகின நொடியில் எடுத்துவிடுவேன். உடனே தண்ணீரில் போடுவது சூடு கீழே இறங்காமல் தடுக்கத்தான். எஃகு மாதிரி பித்தளை தண்ணீரில் இறுகாது. காற்றில் ஆறினாலும் அதே பதம்தான்.

அடுத்தது கழுத்துச் சுவர். சேம்பரை (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் குழி) வெட்டின ரீமரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதைத் தொடாதீர்கள். குண்டு வைத்து முடித்த தோட்டாவின் கழுத்து விட்டத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள். சேம்பரின் கழுத்து அளவைவிட அது குறைந்தது 2, 3 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சின்னதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விட இடமே கிடையாது, அழுத்தம் எகிறிவிடும். வரைபடம் இல்லாத பழைய துப்பாக்கி என்றால் செரோசேஃப் என்ற எளிதில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி வார்ப்பு எடுங்கள். வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடும், 70 முதல் 88 டிகிரி போதும். ஊற்றின உடனே அளந்தால் தப்பு அளவு வரும். முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சேம்பரின் அசல் அளவுக்கு வரும்.

கருவியே இல்லாமல் ஒரு சோதனை உண்டு. சுட்டு எடுத்த கேஸின் வாயில் புதுக் குண்டு ஒன்றை விரலால் விட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி இறங்கினால் சரி. வாயிலேயே தடுக்கினால் கழுத்து இன்னும் தடிமன், கடைய வேண்டும். பாதி தூரம் இறங்கிவிட்டுக் கழுத்தின் அடியில் வந்து நின்றால் அது வேறு நோய்: தோளில் இருந்த தடித்த பித்தளை கழுத்துக்குள் ஏறி உட்புறம் வளையமாக நிற்கிறது. டோனட் என்பது இதைத்தான். வெளியே எவ்வளவு கடைந்தாலும் அது போகாது. கழுத்தை மேண்ட்ரலில் (உள்ளே நுழைக்கும் உருளைக் கம்பி) ஏற்றி வளையத்தை வெளிப்பக்கம் தள்ளிக் கடைய வேண்டும், அல்லது உள்ளே ரீமர் விட வேண்டும்.

மெழுகுவிரல்:

அண்ணே, டைக்குள் கேஸ் வழுக்கத் தடவும் மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். என்னிடம் வருகிற பாதிப் புகார் அதுதான். உடம்பில் குறைவாகத் தடவினால் கேஸ் டைக்குள் சிக்கும், அப்புறம் அடியில் ஓட்டை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுக்க வேண்டியதுதான். பயந்துபோய் தோளிலும் அப்பினால் மெழுகு போக வழியில்லாமல் தோளிலேயே குழி விழும். விரலில் ஒட்டின அளவை உடம்பில் தேய்த்துவிட்டு, மிச்சம் மீதியைக் கழுத்தில் தொட்டுக்கொண்டால் போதும். தோளைத் தொடவே வேண்டாம். கழுத்தின் உட்புறத்துக்குத் தூரிகையில் லேசாக.

நாற்பது டிகிரி:

என் பாதை வேறு. நான் கழுத்தைச் சுருக்குவதில்லை, சேம்பருக்குள்ளேயே சுட்டு உடம்பை விரிக்கிறேன். .280 ஆக்லி இம்ப்ரூவ்ட். பி.ஓ. ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர் வகுத்த வழி: உடம்பின் சரிவைக் குறைத்து, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்துவது. சாதாரண .280 தோட்டாவை அதே சேம்பரில் போட்டுச் சுட்டால் கேஸ் புது உருவத்தோடு வெளியே வரும்.

கேட்க எளிது. ஆனால் எல்லாம் ஒரு மெல்லிய பிடியில் நிற்கிறது. சாதாரண தோட்டா ஆக்லி சேம்பரில் கழுத்தும் தோளும் சேருகிற விளிம்பில் மட்டும்தான் இறுகி உட்காரும். அதனால் சேம்பரைத் தாய்த் தோட்டாவின் அளவைவிட ஏறக்குறைய 4 தௌ குட்டையாக வெட்ட வேண்டும். அதற்கு பேரலைக் கழற்றிச் சற்றுப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். ரீமரை மட்டும் உள்ளே ஓட்டிவிட்டுக் கையில் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நண்பர் கைமாற்றாக வாங்கின துப்பாக்கி அப்படிப்பட்டது. அவர் சுட்ட கேஸ்களைக் கொண்டுவந்து காட்டினார்: அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, உடம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூராக்கி வளைத்து உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். கோடு இருந்த இடத்தில் நுனி டக்கென்று ஒரு பள்ளத்தில் இறங்கியது. இன்னொரு தடவை சுட்டிருந்தால் கேஸ் இரண்டாகப் பிரிந்து, வாயு போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) பக்கம் வந்திருக்கும். அந்த மொத்த பிராஸையும் நசுக்கிப் போடச் சொன்னேன். மனசே இல்லாமல் செய்தார்.

பிடி போதவில்லை என்றால் பொய்த்தோள் வைக்கலாம். கழுத்தைப் பெரிய அளவுக்கு விரித்துவிட்டு, மேலிருந்து ஒரு பகுதியை மட்டும் திரும்பச் சுருக்குவது. போல்ட் லேசான இறுக்கத்தோடு மூடுகிற இடம் வரைக்கும் டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். நடுவில் தெரிகிற அந்தப் படிதான் கேஸை போல்ட் முகத்தோடு சேர்த்துப் பிடிக்கும்.

சுடாமலே உருவாக்க ஹைட்ராலிக் டை இருக்கிறது. கேஸில் விளிம்பு வரை தண்ணீர், டைக்குள் வைத்து மேலே பஞ்ச், சுத்தியால் ஓங்கி அடி. தோள் முக்கால்வாசி வந்துவிடும், மீதி முதல் முறை சுடும்போது வரும். முகத்தில் தண்ணீர் தெறிக்கும், துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? கடைசல்காரன் கேஸ் நீளுகிறது. என்னுடையது குட்டையாகிறது! உடம்பு விரிய வேண்டிய பித்தளை நீளத்திலிருந்துதானே வர வேண்டும். அதனால் சுடுவதற்கு முன்பே சரியான அளவுக்கு வெட்டி வைத்தவர்களுக்குக் கடைசியில் கழுத்து போதாமல் போகிறது.

ஆய்வக எலி:

நான் சுடுகிறவன் இல்லை, உலோகக்காரன். சூடு காட்டுவதை வேலைச் சுமையாகப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் சும்மா வைத்த இடத்திலேயே கழுத்தில் வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தார்கள். சிறுநீரிலிருந்து வந்த அமோனியா, மழைக்கால ஈரம், சுருக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை, மூன்றும் சேர்ந்ததுதான் காரணம். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921ல் இதை விளக்கி எழுதினார்கள். அந்த இழுவிசையைச் சூடு காட்டி இளக்கிவிட்டால் வெடிப்பு நின்றுவிடும்.

ஆகவே உருவாக்கி முடித்த பிறகும் ஒரு முறை கழுத்துக்குச் சூடு காட்டுங்கள். அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் எந்த பிராண்டாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. பளபளப்பு வேண்டுமென்றால் வால்நட் தூளில் உருட்டிக்கொள்ளலாம்.

புதுக்கை:

ட்ரிம் பண்ணுகிற (வாயை வெட்டிச் சரிசெய்கிற) நீளத்தை யாருமே எண்ணாகச் சொல்லவில்லையே சார்?

கடைசல்காரன்:

வேண்டுமென்றேதான் தம்பி. .30-06க்கு உச்ச நீளம் 63.35 மி.மீ., வழக்கமாக வெட்டுவது 63.1. என் 6 மி.மீ.-06க்கும் அதை ஒட்டித்தான் போகிறேன். ஆனால் உன் சேம்பரை வெட்டின ரீமர் வேறு. கழுத்துக் குழி எங்கே முடிகிறது என்பதை நீதான் அளக்க வேண்டும். அதற்கென்று சின்ன உலோகக் குமிழ் விற்கிறது. ஒரு கேஸைத் தாராளமாகக் குட்டையாக்கி, குமிழை வாயில் பாதி செருகி, போல்ட்டை மெதுவாக மூடு. குழியின் எல்லையில் முட்டிக் குமிழ் உள்ளே தள்ளப்படும். வெளியே எடுத்து அடியிலிருந்து குமிழின் உச்சி வரை அளந்தால் உன் சேம்பரின் எல்லை. அதிலிருந்து 10 தௌ கழித்து வெட்டு. எல்லையைத் தாண்டின வாய் முன்னால் இருக்கிற சரிவில் போய் நசுங்கிக் குண்டைக் கவ்விக்கொள்ளும். ரொம்பக் குட்டையாக வெட்டிக் கெட்டவர்களைவிட இப்படிக் கெட்டவர்கள்தான் ஆபத்தில் மாட்டியவர்கள்.

வெட்டும் வரிசை: சுருக்கி முடித்ததும் கூடுதலாக நிற்பதை ட்ரிம் டையில் வைத்து ஹேக்சாவால் அறுத்து, டையின் முகத்தோடு சமமாக அரம் போடு. அந்த டை அரத்துக்குத் தேயாதபடி கடினப்படுத்தப்பட்டது, தேய்ந்துவிடுமோ என்று பயப்படாதே. இறுதி நீளம் சுட்டு எடுத்த பிறகுதான், லேத் மாதிரிச் சுழற்றும் ட்ரிம்மரில். பிறகு வாயின் உள்ளும் வெளியும் பிசிறை எடு. உள்பக்கம் கத்தி முனையாகச் சீவிவிடாதே, வாய் சீக்கிரம் வெடிக்கும். நகத்தால் தடவினால் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. கேஸின் அடியில் இன்னும் .30-06 என்றுதான் அச்சு இருக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் எந்தத் துப்பாக்கி, எந்த ரீமர், கழுத்து அளவு எவ்வளவு என்று எழுதி ஒட்டு. உதிரியாக மேஜையில் ஒன்று கிடந்தால் அடுத்தவன் அந்த அச்சைத்தான் நம்புவான்.