பாப்பா வரைந்த கண்மாய் ஆமை

தேவிபட்டினம் அத்தை: பாப்பா, ஆமை முடிந்ததா?

பாப்பா: முடிந்தது அத்தை. [படம்] ஓட்டுக்கு மட்டும் 3 நாள். எல்லாம் 0.1 மி.மீ. முனைப் பேனாவில் வைத்த புள்ளி.

தேவிபட்டினம் அத்தை: தடவினால் சொரசொரவென்று இருக்கும் போல இருக்கிறதே கண்ணு!

மண்டபம் சித்தப்பா: ஓடு அருமை. ஆனால் இது எந்த ஆமை?

பாப்பா: நம்ம கண்மாய்க் கருப்பு ஆமை சித்தப்பா. ஐப்பசி மழையில் கலுங்கு பக்கம் அண்ணன் எடுத்த படம். அதில் கால் தெரியவில்லை.

மண்டபம் சித்தப்பா: அதுதான் விஷயம். நீ போட்டிருப்பது கடல் ஆமைக் கால், துடுப்பு. வலையை அறுத்து விடும்போது அதனிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன், பார்த்ததும் தெரிந்துவிட்டது. இன்னொன்று, தலையைப் பாதி உள்ளே இழுத்து வரைந்திருக்கிறாய். கடல் ஆமையால் அப்படி இழுக்க முடியாது, கண்மாய் ஆமையால் முடியும். அந்தத் தலையும் இந்தக் காலும் ஒரே உடம்பில் சேராதம்மா.

பாப்பா: ஐயோ, மையில் போட்டுவிட்டேனே!

அண்ணன்: பிளேடால் சுரண்டாதே, தாள் பிசிறி மை ஊறிவிடும். ஜன்னல் கண்ணாடியில் இதை ஒட்டி, மேலே புதுத் தாள் வைத்து, ஆமை ஓட்டை மட்டும் பென்சிலால் லேசாக நகல் எடு. நடுவில் 5 கட்டம், பக்கத்துக்கு 4, மூன்று முகடு, எல்லாம் சரியாக இருக்கிறது. காலை மட்டும் மாற்று. விரல் விரலாகத் தெரியணும், நடுவே சவ்வு. முன்காலில் 5 நகம், பின்காலில் 4.

தேவிபட்டினம் அத்தை: எங்கள் ஊருணி ஆமைக்கு ஓட்டில் கட்டமே கிடையாதே? வழவழவென்று இருக்கும்.

அண்ணன்: அது பாலாமை அத்தை. ஓட்டின் மேல் தோல், காலுக்கு மூன்று நகம்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. யாரும் பிடித்து வீட்டில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம் அத்தை: சரி சரி, பிள்ளைகளிடம் சொல்கிறேன். துவைக்கிற படிக்குப் பக்கத்தில் தலையை நீட்டிப் பார்க்கும், பாவம்.

பாப்பா: கால் பென்சிலில் போட்டாச்சு. தோலுக்குப் புள்ளியா, கோடா அண்ணா?

அண்ணன்: செதிலுக்குச் சின்ன வளைகோடு, மடிப்பில் குறுக்குக் கோடு. கழுத்தும் காலும் ஓட்டுக்குள் நுழைகிற இடத்தை நல்ல கருப்பாக்கு, அப்போதுதான் ஓடு எடுப்பாக நிற்கும். அப்புறம், உப்புக் காற்றில் தாள் நமுத்திருக்கும். மை போட்ட அன்றைக்கே ரப்பர் வைக்காதே.

மண்டபம் சித்தப்பா: இன்னும் மை போடாதே பாப்பா. நாளைக்கு நான் கடலுக்குப் போகவில்லை. வெயில் ஏறினதும் கலுங்குக் கல்லில் ஏறிப் படுத்திருக்கும், பின்காலை நீட்டி. போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

பாப்பா: 8 மணிக்குத் தயாராக இருப்பேன் சித்தப்பா. பென்சிலும் எடுத்துக்கொள்கிறேன்.